லடாக் போஸ்டில் இருந்துகொண்டு பொன்னியின் செல்வன் ஃபேன்ஃபிக் தொடர்வது எப்படி?

நெய்தல்கரை (கேள்வி):

தம்பி ராணுவத்தில் சிப்பாய். லடாக்கில், உயரமான இடத்தில் டியூட்டி. பொன்னியின் செல்வனை வைத்து ஒரு ஃபேன்ஃபிக் (பிடித்த நாவலை ஒட்டி ரசிகர் எழுதும் கற்பனைக் கதை) தொடர் எழுதுகிறான். அருள்மொழிவர்மரோடு ஈழத்துக்குப் போன சாதாரணக் காலாட்படை வீரன் ஒருவன் கண்ணால் பார்க்கிற கதை. வாசகர்கள் தொடர்ந்து படிக்கிறார்கள், அவனுக்கும் விட மனசில்லை.

அந்தக் குளிரில் எதில் எழுதுவது? போன் தாங்குமா? எழுதினது என் கைக்கு எப்படி வந்து சேரும்? நான் வீட்டிலிருந்து பதிவேற்றினால் விதிப்படி சரிதானா? அங்கே ஒரு நாளில் எழுத எவ்வளவு நேரம்தான் கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

(திருத்தம்: கீழே அண்ணன் சொன்னபடி மாதத்தையும் ரெஜிமென்ட் பேரையும் எடுத்துவிட்டேன்.)

பழைய சிக்னல்ஸ்:

தங்கச்சி, திருத்தினதுக்கு நன்றி. எந்த மாசம் கிளம்புறான், எந்த ரெஜிமென்ட்னு ரெண்டும் ஒரே பதிவில் இருந்தா அது படை நகர்வுத் தகவல். கதையில் வரும் ஆபத்தை விட இந்த மாதிரி அக்கறையில் எழுதுற ரெண்டு வரியில்தான் ஆபத்து ஜாஸ்தி.

முதல்ல விதி. 1954-ஆம் வருஷத்து ராணுவ விதிகளில் 21-வது விதி இருக்கு. அரசியல் விஷயம், சர்வீஸ் சம்பந்தப்பட்ட விஷயம், சர்வீஸ் தகவல் அடங்கிய எதையும் முன் அனுமதி இல்லாம வெளியிடக் கூடாதுங்கறதுதான் அதோட சாரம். சோழர் காலத்துக் கதை நேரடியா இதில் விழாது. ஆனா எந்த ஆப்பில் போடலாம்ங்கறது தனி சங்கதி. 2020 ஜூலையில் ராணுவம் 89 ஆப்களை போனில் இருந்து எடுக்கச் சொல்லிப் பட்டியல் போட்டது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மட்டும் இல்லை. கதை படிக்கிற பிரதிலிபி, ரெடிட், டம்ப்ளர், தனிப்பட்ட பிளாக் எல்லாம் அதில் இருந்தது. இந்த மாதிரி உத்தரவுகள் அப்பப்போ மாறும். அதனால இன்றைய நிலை என்னன்னு தம்பி தன் யூனிட்டில் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். பக்கத்து யூனிட் ஆள் சொன்னாங்கறது செல்லாது.

நீங்க உங்க பேரில், உங்க போனில் பதிவேற்றுறதுதான் நல்ல வழி. ஆனா அதை ஒளிச்சுச் செய்ய வேண்டாம். "சரித்திர நாவலை ஒட்டி ஒரு கற்பனைக் கதை எழுதுறேன், சர்வீஸ் விஷயம் எதுவும் இல்லை, காசு வாங்குறதில்லை, அக்கா வெளியிடுறாங்க"ன்னு சீனியர் ஜேசிஓ (சிப்பாய்க்கும் ஆபீசருக்கும் நடுவில் உள்ள பதவி) வழியா கம்பெனி கமாண்டருக்கு ஒரு பக்க விண்ணப்பம் கொடுக்கட்டும். கூடவே ரெண்டு அத்தியாயத்தோட சுருக்கம் ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ. ஆபீசருக்குத் தமிழ் தெரியாம இருக்கலாம். தெரியாத மொழியில் பக்கம் பக்கமா இருந்தா யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

நேரம். போஸ்டுக்குப் போஸ்ட் மாறும், பொதுவாச் சொல்றேன். விடியும் முன்னாடி ஸ்டாண்ட்-டு (எல்லாரும் ஆயுதத்தோட அவங்கவங்க இடத்தில் தயாரா நிக்கிறது). அப்புறம் ஆயுதம் துடைக்கிறது, டீ, நாஷ்டா. அதுக்கப்புறம் ஃபடீக்: பனியைத் தள்ளுறது, ஜெரிகேன் தூக்குறது, மண்ணெண்ணெய் அடுப்பில் பனி உருக்கித் தண்ணி எடுக்கிறது. பனி உருக்குறது சின்ன வேலை இல்லை. பாத்திரம் நிறைய அள்ளிப் போட்டாலும் அடியில் கொஞ்சம் தண்ணிதான் நிக்கும், திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருக்கணும். நடுவில் சென்ட்ரி (காவல்), பேட்ரோல் (ரோந்து). சாயங்காலம் மறுபடி ஸ்டாண்ட்-டு, ரோல்கால், சாப்பாடு, ராத்திரி முறை வச்சு டியூட்டி. எழுதக் கிடைக்கிறது மத்தியானம் சாப்பாட்டுக்கப்புறம் இருபது நிமிஷம், அரை மணி. ஞாயித்துக்கிழமை கொஞ்சம் கூட. மொத்தமா உக்காந்து ஒரு அத்தியாயம் எழுதுற திட்டம் நடக்காது. ஒரு உட்காரலுக்கு ஒரு காட்சி, அதுவும் அரைப் பக்கம்னு வச்சுக்கட்டும்.

தூக்கத்தைத் திருடி எழுத வேண்டாம். 15,000 அடிக்கு மேல ஆக்ஸிஜன் குறைவில் தூக்கமே அரைகுறைதான், ஞாபகமும் கவனமும் மந்தமாகும். அந்த நிலையில் இன்னும் ஒரு மணி நேரம் முழிச்சா அது சென்ட்ரியில்தான் தெரியும்.

முதல் நாட்களைப் பத்தி ஒண்ணு. உயரத்துக்கு உடம்பைப் பழக்குறதில் 9,000 முதல் 12,000 அடிக்கு ஆறு நாள், 15,000 வரைக்கும் நாலு நாள், அதுக்கு மேல இன்னும் நாலு நாள்னு கணக்கு. லே நகரமே சுமார் 11,500 அடி. ஆரம்ப ரெண்டு நாள் முழு ஓய்வு. அப்போ படுத்தபடியே அடுத்த பத்து அத்தியாயத்துக்கு அவுட்லைன் போட்டுக்கலாம். ஆனா தலைவலி ஏறிக்கிட்டே போனாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ நோட்டை மூடிட்டு நேரா நர்சிங் அசிஸ்டென்ட்கிட்ட போகணும். "நாளைக்குச் சரியாயிடும்"னு படுத்துக்கிறதுதான் அங்கே ஆளைக் கொல்லுது.

புகாரி (அறையைச் சூடாக்குற அடுப்பு) பக்கத்தில் உக்காந்து எழுதுறது சுகமா இருக்கும். வென்டிலேட்டரை மட்டும் அடைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு மணக்காது. அதில் வர்ற தலைவலியும் மலை உயரத் தலைவலியும் ஒரே மாதிரி இருக்கறதால ஆள் ஏமாந்துடுவான்.

மைக்கூடு:

எழுதுகருவி, போன் ரெண்டையும் நான் சொல்றேன்.

ஜெல் பேனா வேண்டாம். அதோட மை தண்ணி கலந்தது, உறைஞ்சிடும். உறைஞ்சு இளகும்போது முனையில் கசியும். பால்பாயின்ட் மை எண்ணெய்ப் பசை. உறையாது, ஆனா கெட்டியாகி விட்டுவிட்டு எழுதும். சட்டையின் உள் பாக்கெட்டில் வச்சு உடம்புச் சூட்டில் இருந்தா கொஞ்ச நேரம் ஓடும். எதுவும் யோசிக்காம எழுதணும்னா பென்சில்தான். எச்பி கொஞ்சம் கடினம், கையுறையோட அழுத்தி எழுதினா தாள் கிழியும். 2பி எடுத்துக்கங்க. ஆறு பென்சில், மூடியுள்ள ரெண்டு ஷார்ப்னர், ஒரு ரப்பர். மெக்கானிக்கல் பென்சில் வேண்டாம்: 0.5 லெட் கையுறைப் பிடியில் ஒடிஞ்சுக்கிட்டே இருக்கும். 2பி-யில் எழுதினது உரசி மங்கும், அதனால தாளோட ஒரு பக்கம் மட்டும் எழுதட்டும்.

நோட்டு பெரிசா வேண்டாம். பாக்கெட்டில் அடங்குற, மேல்பக்கம் ஸ்பைரல் போட்ட 80 பக்க நோட்டு நாலு. ஒரே தடி நோட்டு தொலைஞ்சா எல்லாம் போச்சு. ஒவ்வொண்ணையும் ஜிப் பவுச்சில் போட்டு வைக்கணும், ஏன்னா குளிரில் இருந்து சூடான அறைக்குள் வந்ததும் தாள் மேலயும் ஈரம் பூக்கும்.

இனி போன். அதை வச்சுக்க அனுமதி உள்ள இடம்னு வச்சுக்கிட்டுச் சொல்றேன். குளிரில் லித்தியம் பேட்டரிக்குள்ள வேதிவினை மந்தமாகும். முப்பது சதவீதம் காட்டிட்டு இருக்கும்போதே பட்டுன்னு அணைஞ்சிடும். கெட்டுப்போகலை, உள் பாக்கெட்டில் வச்சுச் சூடாக்கினா திரும்ப வரும். உண்மையிலேயே கெடுக்கிறது வேற: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழ இருக்கும் போனை சார்ஜில் போடுறது. உள்ள லித்தியம் உலோகமாப் படிஞ்சு பேட்டரியோட கொள்ளளவு நிரந்தரமாக் குறையும். ஜெனரேட்டர் ஓடுற நேரம் கொஞ்சம்தான்னு வெளியில் இருந்து வந்த உடனே சொருகுறதுதான் வழக்கமா நடக்கிற தப்பு. முதல்ல அரை மணி நேரம் உடம்போட ஒட்டி வைக்கணும், அப்புறம்தான் சார்ஜ்.

வெளியில் இருந்து உள்ள வரும் முன்னாடியே போனை ஜிப் பவுச்சில் போட்டு, காத்தை வெளியேத்தி மூடிடணும். உள்ள வந்து முக்கால் மணி நேரம் கழிச்சுத் திறக்கலாம். ஈரம் பவுச் மேல படியும், போனுக்குள்ள போகாது.

பவர்பேங்க் 20,000 எம்ஏஎச் போதும். 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-அவர். விமானத்தில் கைப்பையில் 100 வாட்-அவர் வரை கொண்டு போகலாம், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. காகிதக் கணக்குப்படி 5,000 எம்ஏஎச் போனை நாலு தடவை ஏத்தணும். நடைமுறையில் ரெண்டரை தடவைதான்.

தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது. போஸ்ட்பெய்டா மாத்திட்டுப் போகணும், இல்லைன்னா அங்கேயே வாங்கணும்.

டைப் செய்ய: கிளம்பும் முன்னாடியே கீபோர்டில் தமிழைப் பதிவிறக்கி, ஏரோப்ளேன் மோடில் போட்டுச் சோதிச்சுப் பார்க்கணும். அங்கே போய் "மொழியைப் பதிவிறக்கவும்"னு வந்தா ஒண்ணும் செய்ய முடியாது. தமிழ்99 கீபோர்டு முறை பழகினவருக்குக் கவலையே இல்லை, அதுக்கு அகராதி தேவையில்லை. குரல் தட்டச்சை நம்ப வேண்டாம். கோப்பு சாதா டெக்ஸ்ட், யுடிஎஃப்-8. வேர்டு கோப்பில் எழுதினவர் பேர் உள்ளயே தங்கிடும், டெக்ஸ்ட் கோப்பில் தங்காது.

கோப்போட அளவு பத்திப் பயப்பட வேண்டாம். "வந்தியத்தேவன்" என்ற பேர் கணினிக்கு 13 குறியீடு. தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட், ஆக 39 பைட். 1,500 சொல் உள்ள அத்தியாயம் ஏறத்தாழ 45 கேபி வரும். ஒரு போட்டோ 3, 4 எம்பி. ரெண்டு கோடு சிக்னல் வந்து போற இடத்தில் அத்தியாயம் போயிடும், போட்டோ பாதியில் தொங்கும். எஸ்எம்எஸ்ஸில் மட்டும் அனுப்ப நினைக்காதீங்க: தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறியீடுதான், வந்தியத்தேவனை அஞ்சு தடவை கூப்பிட்டாலே முடிஞ்சிடும்.

நெய்தல்கரை:

ரொம்ப நன்றி இருவருக்கும். சிக்னலே இல்லாத இடம் என்றால்? நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்து, கீழே வரும்போது அனுப்பலாமா? அல்லது சாட்டிலைட் போனில் சொல்லச் சொல்லி நான் எழுதிக்கொள்ளலாமா?

பழைய சிக்னல்ஸ்:

சாட்டிலைட் போனைக் கதைக்குப் பயன்படுத்தச் சொல்லாதீங்க. 2017 தீபாவளியில் ஜவான்களுக்குக் கட்டணத்தை நிமிஷம் ஒரு ரூபாயாக் குறைச்சாங்க, காசு பிரச்சினை இல்லை. பின்னால வரிசையில் நிக்கிறவன் குழந்தை குரல் கேக்கக் காத்திருப்பான். அந்த மூணு நிமிஷம் அம்மா உடம்பு எப்படி, வீட்டில் என்ன சங்கதின்னு பேசத்தான்.

தபால் நல்ல வழி. 56 ஏபிஓ முகவரியில் ராணுவத் தபால் போகும், வரும். தாமதமாகும், பனி மூடினா இன்னும் தாமதமாகும், ஆனா வரும். தாளைக் கிழிச்சு அனுப்பும்போது ஒவ்வொரு தாள்லயும் அத்தியாய எண், பக்க எண் போடணும். 7/3ன்னா ஏழாம் அத்தியாயம் மூணாம் பக்கம். ஒரு கவர் முந்தி, ஒரு கவர் பிந்தி வரும்போது இது இல்லாம தலை சுத்தும். அனுப்பும் முன்னாடி ஒவ்வொரு பக்கத்தோட கடைசி வரியை இன்னொரு நோட்டில் குறிச்சு வச்சுக்கிட்டா, எது வந்தது, எது வரலைன்னு போனில் ஒரு நிமிஷத்தில் ஒப்பிட்டுப் பாத்துக்கலாம்.

போட்டோ எடுக்கலாம்னா, போஸ்டில் கேமராவுக்கு அனுமதி இருக்கணும். இருந்தாலும் லொகேஷனை அணைச்சுட்டு, தாள் மட்டும் படம் முழுக்க வர்ற மாதிரி எடுக்கணும். ஓரத்தில் மணல் மூட்டை, ஜன்னலுக்கு வெளியே மலை முகடு தெரிஞ்சா அந்தப் படம் அனுப்பத் தகுதி இல்லை. நீங்க அந்தப் படத்தை எங்கேயும் போடாதீங்க. டைப் செஞ்சிட்டு அழிச்சிடுங்க. "என் தம்பி கையெழுத்து"ன்னு ஸ்டேட்டஸ் வைக்கத் தோணும், வேண்டாம்.

வீராணம் ஏரிக்கரை:

ஃபேன்ஃபிக் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், அக்கா.

மூல நூல் விஷயத்தில் உங்களுக்குக் கவலையே இல்லை. கல்கி 1954-இல் காலமானார். அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. முழு நூலும் மதுரைத் திட்டம் என்ற இலவச இணைய நூலகத்தில் கிடைக்கிறது. ஐந்து பாகத்தையும் இறக்கித் தம்பி போனில் போட்டுவிடுங்கள். நெட் இல்லாமலே ஒரு சொல்லைத் தேடிப் பார்க்க முடியும். யார் யாரை எப்படி விளிக்கிறார்கள், எந்தச் செய்தி யாருக்கு எப்போது தெரிய வருகிறது என்பதில்தான் ஃபேன்ஃபிக் எழுதுபவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். திரைப்படத்தில் மட்டும் உள்ள உரையாடல், உடை, காட்சி அமைப்பு இவற்றை எடுத்தாள வேண்டாம். அதற்கு உரிமை வேறு.

பதிவேற்ற ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளம் உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். விளம்பரம் கிடையாது, லாப நோக்கற்ற அமைப்பு நடத்துவது. ஒவ்வொரு கதையையும் இபப், பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம் என்பதால், தம்பி லீவில் வரும்போது முழுத் தொடரையும் ஒரே கோப்பாக எடுத்துக்கொள்வான். அங்கே பணம் கேட்பது, நன்கொடை இணைப்புப் போடுவது இரண்டுக்கும் இடமில்லை. ஒரு எச்சரிக்கை: அங்கே வரைவாகச் சேமித்தது ஒரு மாதத்துக்குள் தானாக அழிந்துவிடும், வருங்காலத் தேதி போட்டு வைக்கவும் முடியாது. அதனால் கையிருப்பு அத்தியாயங்கள் உங்கள் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் இருக்கட்டும். பின்னூட்டத்தை உங்கள் ஒப்புதலுக்குப் பிறகே தெரியும்படி வைக்க வசதி உண்டு. அதை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

கையிருப்பைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்த தொடர் திடீரென்று ஐந்து வாரம் நின்றால், அந்த இடைவெளியே ஒரு தகவல். எழுதுபவர் ராணுவத்தில் இருப்பது தெரிந்த ஒருவர், அவர் எப்போது இடம் மாறினார் என்று அதிலிருந்து ஊகித்துவிட முடியும். அதனால் எட்டு அத்தியாயம் கையில் சேரும்வரை ஒன்றையும் போடாதீர்கள். சேர்ந்த பிறகு பதினைந்து நாளுக்கு ஒன்று. அவனிடமிருந்து மூன்று வந்தாலும் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று. கையிருப்பு இரண்டாகக் குறைந்தால் "முதல் பாகம் நிறைவு" என்று ஒரு நல்ல முடிச்சில் நிறுத்துங்கள். காரணம் எழுத வேண்டாம்.

அத்தியாயத்தின் மேலும் கீழும் ஆசிரியர் குறிப்புக்கு இடம் இருக்கும். அதைக் காலியாக விடுங்கள். "நெட்வொர்க் இல்லாததால் தாமதம்", "இங்கே மைனஸ் இருபது", "அடுத்த மாதம் லீவு" எல்லாம் அங்கேதான் வந்து விழும். கதையை நாலு முறை திருத்துகிற ஆள்கூட குறிப்பை ஒரு முறையும் திருத்துவதில்லை. தனிச்செய்தியில் யாராவது "அண்ணன் எந்தப் பக்கம் இருக்காங்க?" என்று அன்பாகக் கேட்டால், "கதையைப் பற்றி மட்டும் பேசுவோமே" என்பதோடு முடித்துக்கொள்ளுங்கள். மறுபடி கேட்டால் பதிலே வேண்டாம், தம்பியிடம் சொல்லுங்கள், அவன் மேலே சொல்லட்டும்.

கதைக்கு வருவோம். அவன் எடுத்திருக்கும் கோணம் அருமையானது. நாவலில் ஈழத்துப் படைக்குச் சோழ நாட்டிலிருந்து உணவு அனுப்ப வேண்டும் என்று அருள்மொழிவர்மர் கேட்பதும், பழுவேட்டரையர்கள் அதை எதிர்ப்பதும் பெரிய சர்ச்சையாக வருகிறது. மேலே இருப்பவர்கள் அதைப் பற்றி வாதாடுவதைத்தான் கல்கி காட்டுகிறார். மாதோட்டத்துப் பாசறையில் கப்பலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் வீரனின் அன்றாடம் அங்கே திறந்தே கிடக்கிறது. அரிசி மூட்டை நனைந்து முளைவிட்டால் என்ன ஆகும், உப்பு முதலில் தீருமா எண்ணெய் முதலில் தீருமா, சமையல்காரனோடு யாருக்குச் சண்டை: ரேஷன் வண்டிக்குக் காத்திருக்கும் சிப்பாய்க்கு இதெல்லாம் கைவந்த பாடம். நாவலுக்கு எந்த முரணும் வராமல் இருபது அத்தியாயம் இதிலேயே எழுதலாம்.

காலப்பிழை மட்டும் கவனம். பத்தாம் நூற்றாண்டுப் பாசறையில் மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி, புகையிலை கிடையாது; டீயும் கிடையாது. காரத்துக்கு மிளகு. லங்கர் (ராணுவச் சமையல்கூடம்) சாப்பாட்டு ஞாபகத்தில் எழுதும்போது உருளைக்கிழங்கு சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். நேரத்தை நாழிகையில் சொல்லட்டும்: ஒரு நாழிகை 24 நிமிடம், இரண்டரை நாழிகை ஒரு மணி, ஏழரை நாழிகை ஒரு ஜாமம். கிளம்பும் முன் இந்தப் பட்டியலோடு, பாத்திரங்களின் உறவுமுறை, ஊர்களுக்கு இடையே தூரம், கதையில் இதுவரை கடந்த நாட்கள் எல்லாவற்றையும் நோட்டின் கடைசி நாலு பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பழைய சிக்னல்ஸ்:

ஏரிக்கரை சொன்னதோட ஒரு சங்கதி சேர்க்கணும். பாசறை வாழ்க்கையைத் தன் அனுபவத்தில் இருந்து எழுதலாம், பசி, குளிர், சலிப்பு, சிநேகம் எதையும் எழுதலாம். ஆனா சோழப் பாசறையில் காவல் மாத்துறதைத் தன் போஸ்டில் மாத்துற மாதிரியே எழுதக் கூடாது. எத்தனை பேர், எத்தனை மணிக்கு ஒரு முறை, எந்தப் பக்கம் இருட்டில் பலவீனம், ரேஷன் எத்தனை நாளுக்கு ஒரு தடவை ஏறுது: இதை வேல் பிடிச்ச வீரன் பேரில் எழுதினாலும் சர்வீஸ் தகவல்தான். அந்த மாதிரி எண்களை எல்லாம் கதைக்காகப் புதுசாக் கற்பனை செய்யணும். டைப் செய்யும்போது நீங்க ஒரு வடிகட்டியா இருங்க. எண், திசை, நேரம் மூணும் ஒரே பத்தியில் வந்தா அவன்கிட்ட கேளுங்க, "இது கற்பனையா?"ன்னு. அவன் ஒரு நொடி தயங்கினாலும் வெட்டிடுங்க.

நெய்தல்கரை:

இது எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா. இதற்கு முன் போட்ட அத்தியாயங்களில் இரண்டு இடத்தில் காவல் மாற்றம் வருகிறது. அவனிடம் கேட்காமலே முதலில் மறைத்துவிடட்டுமா?

வீராணம் ஏரிக்கரை:

மறையுங்கள் அக்கா, ஆனால் முழுக் கதையையும் அழிக்க வேண்டாம். அழித்தால் பின்னூட்டங்களும் போய்விடும். அந்த அத்தியாயத்தைத் திறந்து குறிப்பிட்ட பத்தியை மட்டும் எடுத்துவிட்டு, "காவல் மாறியது" என்று ஒரு வரி போட்டுச் சேமியுங்கள். பழைய வடிவத்தை யாராவது இறக்கியிருந்தால் அதைத் திரும்பப் பெற முடியாது, அதனால் இன்றைக்கே செய்வது நல்லது. மாற்றினேன் என்று குறிப்பில் அறிவிக்காதீர்கள், அது அந்த இடத்தைக் கை காட்டுவதாகிவிடும்.

மைக்கூடு:

உங்க கணினியில் இருக்கிற மூலக் கோப்பிலும் அதே இடத்தை மாத்திடுங்க. இல்லைன்னா அடுத்த தடவை அங்கேயிருந்து நகல் எடுத்து ஒட்டும்போது பழைய பத்தி திரும்ப ஏறிடும். கோப்புப் பேரில் அத்தியாய எண்ணோட "திருத்தியது"ன்னு சேர்த்துட்டு, பழசைத் தனி ஃபோல்டரில் வைக்காம அழிச்சிடுங்க.